சத்தம் இல்லாத எட்டு நிமிடம்

எங்கள் வீட்டில் சினிமா என்ற சொல்லை எடுத்தால் அப்பா எழுந்து போய்விடுவார். கத்துகிற ஆள் இல்லை. சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வாசலுக்குப் போவார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. நானும் தம்பியும் மன்னார்த் தியேட்டர் வாசலைக்கூட மிதிக்காமல் வளர்ந்தோம். எழுபது வயதுக்கு மேல்தான் அவர் ரீவி வாங்கச் சம்மதித்தார். செய்தியும் பூசையும் பார்ப்பார். படம் தொடங்கினால் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவார். வந்த விருந்தாளிகள் அவருக்குக் கண்ணில் ஏதோ வருத்தம் என்று நினைப்பார்கள்.

கண்ணில் ஒன்றும் இல்லை. வருத்தம் அவருடைய அம்மாவைப் பற்றியது.

அப்பாவின் பெயர் யோசேப். மன்னார்க் கரையில் தாழ்வுபாட்டில் பிறந்து, ஐம்பது வருடம் கடலில் வலை வீசி, இப்போது தொண்ணூற்றைந்து வயதில் மாத்திரைகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அம்மா அனஸ்தாசியா. புருசனைக் கடல் கொண்டுபோனபோது அவவுக்கு இருபது வயது, கையில் கைக்குழந்தை. அந்த வருடம், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றில், மெட்ராசிலிருந்து ஒரு படக் கம்பனி கப்பலேறி வந்து எங்கள் கரையில் கடல் காட்சிகள் எடுத்தது. அவர்களோடு போனவதான் அனஸ்தாசியா. போய் ஊமைப்பட நடிகையானா. அப்பாவை வளர்த்தது அவருடைய பெரியப்பா சந்தியோகு. அவர் அப்பாவிடம் சொன்ன ஒரு வசனம் எங்கள் வீட்டில் மந்திரம் மாதிரி. நானும் தம்பியும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

"உன்ரை அம்மா உன்னை என்ரை கையில தந்திட்டு, திரும்பியும் பாக்காமல் கப்பலேறினவ."

சந்தியோகுத் தாத்தாவின் படம் எங்கள் கூடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும். மீன்வெட்டுக் கத்தி பட்டு அறுந்த இடது காது, அள்ளி முடிந்த கட்டையான குடுமி, யாரையும் ஒரு பொருட்டாக மதிக்காத பார்வை. ஒவ்வொரு வருடமும் கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி, மரித்தவர்களுக்கான பூசையில் வாசிப்பதற்காக, வீட்டில் செத்தவர்களின் பெயர்களை எழுதிக் கோவிலில் கொடுப்பது எங்கள் வழக்கம். அப்பா தன் கையாலேயே எழுதுவார். முதல் பெயர் சந்தியோகு. பிறகு அப்பாவின் அப்பா, எங்கள் அம்மா, பிறந்த கையோடு செத்த என் அக்கா, இப்படிப் போகும். பெற்ற தாயின் பெயரை அவர் ஒரு வருடம்கூட எழுதியதில்லை. ஒருமுறை நான் கேட்டேன். அன்றைக்கும் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

நான் றஞ்சிதம். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் பைல் சுமந்து ஓய்வு பெற்றவள். கலியாணம் செய்யவில்லை, ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது. வீட்டில் அப்பா, நான், தம்பியின் மகள் றொஷேல். அவளுக்கு இருபத்துநாலு வயது, பஜாரில் ஒரு தையல் கடையில் வேலை. ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவளுடைய காதுகள் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பழியாக அவள் எங்கள் எல்லோருடைய வாய்களையும் பிடித்துக்கொண்டாள். கோவிலில் அந்தப் பக்கத்து வாங்குப் பலகையில் இருக்கிற பெண்கள் குசுகுசுப்பதை இந்தப் பக்கத்திலிருந்தே வாசித்து எனக்குச் சொல்லுவாள். அதுவும் அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாததால் ஊருக்கே கேட்கும்படி சொல்லுவாள். அவளால் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன சனங்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள்.

போன ஐப்பசியில் சுகந்தன் என்றொருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை, சென்னையில் பழைய படங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். மிஸ் சாகரவல்லி என்ற நடிகையின் உறவினர்களைத் தேடுவதாகச் சொன்னார். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று படலையிலேயே சொல்லிவிட்டேன். அவர் போகவில்லை. சாகரவல்லி கம்பனி வைத்த பெயர் என்றும், சொந்தப் பெயர் அனஸ்தாசியா என்றும், ஊர் தாழ்வுபாடு என்றும், முப்பத்துமூன்றாம் ஆண்டுச் சஞ்சிகை ஒன்றில் இருக்கிறது என்றும் சொன்னார். நான் படலையைச் சாத்தப் போனேன்.

அப்போதும் விடாமல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே மற்றதையும் சொன்னார். நாலு வருடத்தில் ஒன்பது படங்கள் நடித்திருக்கிறா. பிள்ளையைப் பறிகொடுக்கிற தாய் வேடம் என்றால் அவதான். மருந்து போடாமலே கண்ணீர் வருமாம். சஞ்சிகைக்காரர் அதன் ரகசியம் என்னவென்று கேட்டிருக்கிறார். "என் பிள்ளை மன்னாரில் இருக்கிறான்" என்று அவ சொன்னதைப் போட்டு, நடிகையார் நகைச்சுவையாகப் பதிலளித்தார் என்றும் எழுதியிருக்கிறார். பிறகு பேசும்படம் வந்தது. அவ வாய் திறந்ததும் சத்தம் பிடிக்கிற அறையில் எல்லோரும் சிரித்தார்களாம், இது எந்த ஊர்த் தமிழ் என்று. பேசத் தெரிந்தவளுக்குப் பேசும்படத்தில் வேலை இல்லாமல் போனது. கூட்டத்தில் ஒருத்தியாக நின்றா, பிறகு அதுவும் இல்லை. நாற்பத்துமூன்றாம் ஆண்டு ஒரு தர்ம ஆசுப்பத்திரியில் செத்துப்போனா. ஒன்பது படங்களும் எரிந்தும் உருகியும் அழிந்துவிட்டன. மெட்ராசில் ஒரு பழைய வீட்டுத் தகரப் பெட்டிக்குள் ஒரேயொரு துண்டு மிஞ்சியிருக்கிறது. எட்டு நிமிடம். எங்கள் கரையில் எடுத்தது.

எனக்கு அனுதாபம் ஒன்றும் வரவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் எப்படிச் செத்தால் என்ன என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா.

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். தொண்ணூற்றைந்திலும் காது மட்டும் பழுதில்லை. அவரை வரச்சொல்லு என்றார்.

"அந்த முகத்தை இன்னொருக்காப் பாக்கவேணும்," என்றார்.

இன்னொருக்கா என்கிறாரே, முதலில் எப்போது பார்த்தார் என்று எனக்கு ஒரு கணம் உறைத்தது. வயதுக் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, பதினொரு மணிக்கு யன்னல்களை அடைத்து, கடல் பக்கத்து வெளிச்சத்துக்குப் படுக்கை விரிப்பைக் கட்டினேன். மேசையில் சுகந்தன் கணினியை வைத்தார். அப்பா முன்னால், நான் பக்கத்தில், றொஷேல் நிலத்தில். சந்தியோகுத் தாத்தா சுவரில். படத்தில் அவ ஏதோ பேசுகிறா என்றும், என்னவென்று கண்டுபிடிக்கச் சென்னையில் வாயசைவு வாசிக்கிற ஒருவரிடம் கொடுத்ததாகவும், இது தமிழே இல்லை என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும் சுகந்தன் சொன்னார். நான் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படம் தொடங்கியது. மழை பெய்கிறது போல் கோடுகள். பிறகு கரை. எங்கள் கரைதான், சந்தேகமே இல்லை. ஆழமில்லாத அந்தத் தண்ணீரும், தூரத்தில் பனைகளும். காகிதக் கிரீடம் வைத்த ராணியாக ஒரு பெண் வருகிறா. கையில் பிள்ளை. கதை என்னவென்றால், கெட்ட மந்திரியின் சேவகன் வந்து இளவரசனைப் பறித்து வள்ளத்தில் கொண்டுபோக வேண்டும். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். றொஷேலின் முகம். அதே நெற்றி, அதே கொஞ்சம் தூக்கலான மேலுதடு. றொஷேலே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது சேவகன் வந்தான். இடுப்பில் மர வாள், ஒட்டு மீசை, அசல் கூத்துக்காரன் தோற்றம். பிள்ளையை வாங்கக் குனிந்தபோது அவனுடைய இடது கன்னம் எங்கள் பக்கம் திரும்பியது. காது அரைவாசிதான் இருந்தது.

நான் எழும்பிவிட்டேன். சுவரைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். சினிமா என்ற சொல்லை இந்த வீட்டில் தடைசெய்த மனிதர் ஒட்டு மீசையோடு சினிமாவில் நிற்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக. நாங்கள் தொண்ணூறு வருடம் யாருக்குப் பயந்தோம்? அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவருக்குப் பெரியப்பாவைத் தெரிந்தது மட்டுமில்லை. அந்தப் பிள்ளை யார் என்பதும் தெரிந்துவிட்டது.

சேவகன் பிள்ளையை வாங்கி வள்ளத்தில் ஏறித் தாங்குகோலை ஊன்றினான். ராணி அழுது, கையை நீட்டி, மண்ணில் விழுந்து எழும்பினா. எழுத்து அட்டை ஒன்று வந்தது: விதியே, என் குலக்கொழுந்தைப் பறித்தாயோ. பிறகும் படம் ஓடியது. வள்ளம் சிறிதாகிக்கொண்டே போனது. ராணி இடுப்பளவு தண்ணீரில் ஓடினா, கிரீடம் விழுந்து மிதந்தது, திரும்பி எங்களைப் பார்த்து, அதாவது படம் பிடிக்கிறவர்களைப் பார்த்து, ஏதோ சொன்னா. திரும்பத் திரும்பச் சொன்னா. ஓரத்தில் வெள்ளைக் காற்சட்டைக்காரர் ஒருவர் கை தட்டினார். படம் முடிந்தது.

நல்ல நடிப்பு என்றுதான் நான் சொன்னேன். என் வாயை நானே அடிக்கவேண்டும்.

றொஷேல் சுகந்தனின் கையைப் பிடித்து, மெதுவாக ஓடவிடச் சொன்னாள். இந்தப் பழைய படங்கள் அவசரமாக ஓடுவதால் வாய் பிடிபடுவதில்லையாம். அவர் வேகத்தைக் குறைத்தார். அவள் கணினிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். இரண்டாந்தரமும் பார்த்தாள். மூன்றாந்தரமும் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இது தமிழ்தான்," என்றாள். "எங்கடை தமிழ். அதுதான் அங்கத்தை ஆக்களுக்கு விளங்கேல்லை."

சுகந்தன் மறுபடி ஓட்டினார். ராணி பிள்ளையைக் கொடுக்கிற இடத்தில் றொஷேல் திரையில் விரலை வைத்தாள். அவளுடைய குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கச்சேரியில் கடிதம் வாசிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"தலையைப் பிடியுங்கோ அத்தான். பிள்ளையின்ரை தலை."

அழுகிற நடிப்புக்கு நடுவில் சொல்லியிருக்கிறா. வள்ளம் நகர்ந்தது. ராணி மண்ணில் விழுந்து எழும்பினா. எழுந்தபோது முகம் மாறியிருந்தது. அழுகையை விட்டுவிட்டு, அலுவல் முடிந்தவள் போலச் சேலையைத் தட்டினா. அதை முதலில் நான் கவனிக்கவேயில்லை.

"காணும். அவை காணுமெண்டு சொல்லிப்போட்டினம். கொண்டாங்கோ." எடுத்தது போதும், பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்கிறா.

வள்ளம் திரும்பவில்லை. அவ ஓடத் தொடங்கினா. முகம் பக்கவாட்டில்தான் தெரிந்தது. அங்கே றொஷேலுக்கு ஒரு வசனம்தான் பிடிபட்டது.

"படத்துக்கெண்டுதானே கேட்டனீங்கள்?"

பிறகு அவ திரும்பி, தண்ணீரில் நின்றபடி, கை தட்டுகிற அந்த மெட்ராஸ்காரர்களிடம் சொன்னதைச் சொல்ல றொஷேலால் முடியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தாள். நான் அவள் தாடையை நிமிர்த்தி, என் வாயைக் காட்டி, சொல்லு என்றேன்.

"பிள்ளை இன்னும் பால் குடிக்கேல்லை," என்றாள். "அதைத்தான் சொல்றா மாமி. அஞ்சு தரம் சொல்றா."

வெளியே படலையில் ஒரு கழுதை உரசிக்கொண்டு நின்ற சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளையைத் தந்துவிட்டு, திரும்பியும் பாராமல் கப்பலேறினவ. நாங்கள் செபம் மாதிரிச் சொல்லி வளர்ந்த வசனம். அந்தப் பொய்யைச் சொன்னவரே அந்தப் பொய்யின் சாட்சியத்தில் ஒட்டு மீசையோடு நிற்கிறார். பிள்ளைப் பாக்கியம் இல்லாத மனிதர். செத்துப்போன தம்பியின் ஒரே பிள்ளை. படக் கம்பனியோடு அவ போய்விடுவாவோ என்று பயந்தாரோ, பிள்ளை தனக்கு வேண்டும் என்று நினைத்தாரோ, இரண்டுமோ. எனக்கு அதையெல்லாம் ஆராயப் பொறுமை இல்லை. கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, அவருடைய படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி நிலத்தில் வைத்தேன். அப்பா தடுக்கவில்லை.

அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல், கட்டுக்கரை.

எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. மூன்று வயது வரை அப்பா வளர்ந்தது கட்டுக்கரைப் பக்கம், பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒரு வயல்காரர் வீட்டில். கரையில் அப்போது அம்மை நோய் பரவியதால் அங்கே விட்டதாகச் சொல்லியிருந்தார்கள். தாயிடமிருந்து ஒளித்து வைத்த இடம் அதுதான். நான் குளத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்தவன் என்று அப்பா பெருமை அடிப்பார். அந்தப் பக்கத்துப் பிள்ளையான சுகந்தன் தலையைக் குனிந்துகொண்டு, சஞ்சிகையில் இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றார். முதல் படத்துக்குப் பிறகு நடிகையார் நாலு மாதம் சொந்த ஊர்க் கோவில் வாசலிலேயே தங்கியிருந்தாராம். பக்திக்கு உதாரணமாக அதை எழுதியிருக்கிறார்கள்.

நாலு மாதம் அவ அந்த வாசலில் பக்தியாக இருந்திருக்கவில்லை. பிள்ளை எங்கே என்று ஊரைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. ஊர் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊர், நான் தினமும் போகிற வருகிற ஊர். எனக்கு யாரை ஏசுவது என்று தெரியவில்லை. எல்லோரும் செத்துவிட்டார்கள். ஏசுவதற்கு ஒருவராவது உயிரோடு இருந்திருக்கக்கூடாதா?

சுகந்தன் எழும்பப் போனார். அப்பா அவரை இருக்கச் சொன்னார். பிறகு எங்கள் ஒருவரையும் பாராமல், அணைந்துபோன கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவ வந்தவ. எனக்கு எட்டு வயசு. நான் கல்லால எறிஞ்சனான்."

எனக்கு விளங்கவில்லை. விளங்க நான் விரும்பவில்லை என்பதுதான் சரி. அவர் நிறுத்தி நிறுத்தி, ஒரு வாக்குமூலம் போல, முழுவதையும் சொன்னார். மன்னாரில் பள்ளிக்கூட வாசல். வெள்ளைச் சேலையும் குடையுமாக ஒரு பெண். கையில் ஒரு பார்சல். கூடப் படித்தவர்கள் கூத்தாடிச்சி வந்திட்டாள், உன்ரை அம்மா வந்திட்டாள் என்று சுற்றிநின்று கத்தினார்கள். பெரியப்பா முன்னமே சொல்லி வைத்திருந்தார்: அவள் வந்தால் காதைப் பொத்திக்கொள், குரலாலேயே மயக்கிக் கப்பலேற்றிவிடுவாள். பிள்ளை இரண்டு காதுகளிலும் விரலை வைத்துக்கொண்டு நின்றான். அவ ஏதோ சொன்னா. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. சொல்லி முடித்தபோது, பையன்கள் பார்க்கிறார்கள் என்று, கீழே கிடந்த கல்லை எடுத்து எறிந்தான். நெற்றியில் பட்டது. அவ நெற்றியைக்கூடத் துடைக்கவில்லையாம். பார்சலை மதிலோரம் வைத்துவிட்டுப் போனா. அதற்குள் என்ன இருந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. அவர் தொடவில்லை. கழுதை தின்றுவிட்டது.

எண்பத்தேழு வருடம். எங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனதெல்லாம் வெறுப்பு என்று நினைத்தேனே. நான் பெரிய கெட்டிக்காரி.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். றொஷேலைக் கிட்டக் கூப்பிட்டு, தனக்கு முன்னால் இருக்கச் சொல்லி, அவளுடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு வாயை அசைத்தார். சத்தம் இல்லை. உதடுகள் விரிந்தன, குவிந்தன, கடைசியில் ஒருமுறை மூடித் திறந்தன. எண்பத்தேழு வருடத்துக்கு முன்னால், காதைப் பொத்திக்கொண்டு பார்த்த வாயைத் தன் வாயால் செய்துகாட்டுகிறார்.

"இப்பிடித்தான் சொன்னவ," என்றார். "என்னெண்டு பார் பிள்ளை."

றொஷேல் உற்றுப் பார்த்தாள். அவர் திரும்பச் செய்தார். அப்பாவுக்குப் பின்னால் நின்று நான் அவருக்குத் தெரியாமல், றொஷேலுக்கு மட்டும் தெரியும்படி, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடடி என்று வாயசைத்தேன். ராசா என்றாவது சொல், மகனே என்றாவது சொல். அவள் அவருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிக்கொண்டு, இல்லை என்று தலையசைத்தாள்.

"விளங்கேல்லை அப்பப்பா," என்றாள், கண்ணீர் வழிய வழிய. "உங்களுக்குப் பல்லில்லை. இது உங்கடை வாய். அவவின்ரை வாய் இல்லை."

அன்றிலிருந்து தினமும் அவள் வேலை விட்டு வந்ததும் அப்பா அவளுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். வாயை அசைப்பார். அவள் பார்ப்பாள். தலையை ஆட்டுவாள். பிறகு இருவரும் தேத்தண்ணி குடிப்பார்கள். இதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லாத அந்தக் குமரின் மேல் மூன்று நாள் கோபமாக இருந்தேன். நாலாம் நாள், அவள் பொய் சொல்லியிருந்தால் அப்பா அதோடு நிறுத்தியிருப்பார், நம்பியிருக்கமாட்டார் என்று தோன்றியது. இந்த வீட்டில் ஒரு வசனத்தை நம்பி அவர் பட்டது போதும்.

கார்த்திகை பிறந்தது. முதலாம் திகதி அப்பா காகிதமும் பேனையும் கேட்டார். முதல் வரியில் அனஸ்தாசியா என்று எழுதினார். அந்தப் பெயரை அவருடைய கையெழுத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மற்றவர்களை எழுதினார். கடைசியில் பேனையை எடுக்காமல் வைத்திருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனுசன்ரை பெயர் வேண்டாம் என்று சொல்லியும் விட்டேன். அவர் எழுதினார். சந்தியோகு.

"என்னைப் பசியில விடேல்லை," என்றார். "அதுக்கு மட்டுந்தான்."

மறுநாள் சேமக்காலையில் பூசை. மழை இருட்டிக்கொண்டு நின்றது. கல்லறைகளுக்கு நடுவில் தகரப் பந்தல் போட்டு, வழக்கம்போல ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். அப்பாவைச் சில்லுக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய்த் தம்பி ஆண்கள் பக்கம் முன்வரிசையில் விட்டான். நானும் றொஷேலும் நேர் எதிரே. பூசை வைக்கிற சுவாமி ஒவ்வொரு வீட்டுக் காகிதமாக எடுத்து வாசித்தார். எங்கள் காகிதம் வந்தது. அனஸ்தாசியா என்று வாசித்தார். நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்தப் பெயரைக் கேட்டு முகத்தைச் சுளிக்கக்கூடிய கடைசி ஆளும் எப்போதோ இந்தச் சேமக்காலைக்குள் வந்து படுத்துவிட்டார். நாங்கள்தான் யாருக்கோ வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அப்பாவின் உதடுகள் அசைந்தன. செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். சுவாமி அடுத்த பெயருக்குப் போய்விட்டார், அதற்கடுத்த பெயருக்கும் போய்விட்டார், அப்பாவின் வாய் நிற்கவில்லை. ஒரே அசைவு, திரும்பத் திரும்ப. றொஷேல் என் கையைப் பிடித்தாள். அவள் பிடித்த பிடியில் என் விரல்கள் நொந்தன. என்ன சொல்கிறார் என்று வாயால் கேட்டேன். அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது என்பதை நான் மறந்துபோனேன். சேமக்காலை முழுவதும் கேட்க, அந்த ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில், அவள் சொன்னாள்.

"'பால் குடிச்சிட்டன் அம்மா' எண்டு சொல்றார்."